பெயர் மாற்றக் கட்டணம்

அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான் என்ற செய்தி
கரைக்கு வந்தபோது
நாங்கள் கடலில் இருந்தோம்,
அவன் பெயர் எழுதிய படகில்.

எலெயாசர்.
அணியத்தில், மஞ்சளில்,
எழுத்துக்கு ஒரு முழம்.
என் வீட்டுக்காரர் செகுந்தோ எழுதியது.
பதினெட்டு வயதில் அந்தப் பையன்
இடைவேளைக்குப் பின் உள்ளே இறங்கி
கசினோ ஊர்க்காரர்களுக்கு இரண்டு கோல் போட்டானே,
அந்த இரவு முடிவதற்குள்,
பெயின்ட் காய்வதற்குள்,
பாதி போதையில்.

இப்போது அதே கசினோ ஊருக்குத்தான் போகிறான்.
வெள்ளைச் சட்டை. கழுத்தில் பூமாலை இல்லாத குறைதான்.

துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் ஓர்த்தென்சியா கேட்டாள்:
"உங்கள் படகு எந்த ஊருக்கு மீன் பிடிக்கிறது?"
மறுநாள் எங்கள் கயிற்றில்
யாரோ ஒரு மெர்லூசாவைத் தொங்கவிட்டிருந்தார்கள்,
அதன் வாயில் நூறு பேசோ நாணயம்.
செகுந்தோ நாணயத்தை எறிந்தார்.
மீனை வறுத்தோம்.

அன்று மாலையே தார் வாளியோடு உட்கார்ந்து
பெயரை மூடினார்.
ஒரே ஒரு 'எ' மட்டும் கடைசிவரை தெரிந்துகொண்டிருந்தது.

படகின் பெயரை மாற்றினால் கடல் கோபிக்கும் என்பார்கள்.
கடலுக்குத் தெரியவில்லை.
துறைமுக அலுவலகத்துக்குத் தெரிந்தது.
பெயரில்லாத படகு வெளியே போகக் கூடாதாம்.
புதுப் பெயருக்கு விண்ணப்பம், கட்டணம், மூன்று மாதம்.
கட்டணம் ஒரு வாரத்து டீசல்.

சாராய மேசையில் ஆளுக்கொரு நியாயம்.
ஏஜெண்டு ஏமாற்றினான்.
முழங்கால் இன்னும் மூன்று வருஷம்தான் தாங்கும்.
அவன் அம்மா அழுதாளாம்,
இல்லை, அவள்தான் போகச் சொன்னாளாம்.
நான் சும்மா இருக்கவில்லை:
"தெற்கே சால்மன் கம்பெனி மூன்று மடங்கு தந்தபோது
நீயும்தானே போனாய்?"
செகுந்தோ கோப்பையைப் பார்த்துச் சொன்னார்:
"நான் போனேன்.
பன்னிரண்டாயிரம் பேர் என் பெயரைக் கத்திவிட்டு
அப்புறம் நான் போகவில்லை."

அதற்கு என்னிடம் பதிலில்லை.
கட்டணத்துக்குப் பணமும் இல்லை.
மண்ணெண்ணெய்த் துணியால்
தாரைத் துடைத்தவள் நான்தான்.
மஞ்சள் கொஞ்சம் கறுத்து வந்தது.

ஆகஸ்டில் அவன் வந்தான்.
விசில் அடித்தோம். தொண்டையில் ரத்தம் வருமளவு.
அவன் காலுக்குப் பந்து போகும்போதெல்லாம்
மைதானம் முழுக்க ஒரே சீழ்க்கை,
குளிர்காலப் புயல் கம்பியில் உரசுவதுபோல்.

எழுபதாவது நிமிஷம்.
இடது ஓரத்தில் வாங்கினான், உள்ளே திரும்பினான்,
அந்தப் பழைய தோள் குலுக்கல்.
பதினொரு வருஷமாக
அதற்குப் பின் என்ன வரும் என்று என் கால்களுக்குத் தெரியும்.
நான் எழுந்துவிட்டேன்.
பாதிதான். முழங்கால் வளைந்தபடி, கை மேலே போகும் வழியில்.
பந்து வலைக்குள்.
எங்கள் வலைக்குள்.

பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன்.
செகுந்தோவும் அதே வளைவில்.
முன்வரிசையில் ஓர்த்தென்சியா,
ஐஸ் கோடரி பிடிக்கும் கையை
மெல்லக் கீழே இறக்கிக்கொண்டிருந்தாள்.
ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை என்று
எல்லோரும் உட்கார்ந்தோம்.
அப்புறம் இன்னும் சத்தமாக
அவனைத் திட்டினோம்.

இந்த வாரம் மூடுபனி.
நான்கு மைல் வெளியே, அணியம்கூடத் தெரியவில்லை.
ரேடியோவில் கரைக்காவல் பையன்,
ஊருக்குப் புதியவன், பந்தாட்டமே பார்க்காதவன்,
வரிசையாகப் படகுகளைக் கூப்பிடுகிறான்.

"எலெயாசர், எலெயாசர்,
எங்கே இருக்கிறாய்?"

செகுந்தோ என்னைப் பார்த்தார்.
மைக்கை என் பக்கம் தள்ளினார்.

"எலெயாசர் பேசுகிறேன்" என்றேன்.
"வந்துகொண்டிருக்கிறோம்."